வலிக்காத பல்லைக் கவனியுங்கள்!

குழந்தைக்கு ஆறு வயது நெருங்கும்போது, வாயின் கோடியில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், ஒரு பெரிய பல் ஈறைக் கீறிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. அதற்கு இடம்விட்டு எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால், விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிகிற சந்தோஷமும் வீட்டில் இல்லை. யாருக்கும் தெரியாமல் வந்து உட்கார்ந்துவிடும் அந்தப் பல்தான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என மொத்தம் நான்கு. எழுபது, எண்பது வயதுவரை சோற்றை மென்று தரவேண்டியவை இவைதான்.

நிரந்தரப் பற்களில் மிக அதிகமாகச் சொத்தைக்கு ஆளாவதும் இவைதான். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை கன்னம் வீங்கி அழும்போது பல் மருத்துவரிடம் ஓடுகிற பெற்றோர் பலரும் கேட்கும் முதல் கேள்வி, “இது விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டர்?” என்பது. இல்லை, இது போனால் போனதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகில் சுமார் 200 கோடிப் பேருக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை இருக்கிறது. பால்பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கும் மேல். இத்தனைக்கும், சொத்தை எப்படி வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்ற இரண்டுமே மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். தடுக்கும் வழிகள் எளியவை, செலவும் அதிகமில்லை. பிறகும் ஏன் இவ்வளவு சொத்தை? ஆரம்பத்தில் அது வலிப்பதில்லை. நாமோ வலித்தால்தான் பல்லை நினைக்கிறோம்.

ஈறோரத்தில் ஒரு ஊர்

காலையில் பல் துலக்கும் முன் கண்ணாடி முன்னால் நின்று, கீழ் முன்பல்லின் ஈறோரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதோ நகத்தோடு வரும். நேற்றைய சாப்பாட்டின் மிச்சம் என்றுதான் தோன்றும். உண்மையில் அதில் பெரும்பகுதி பாக்டீரியாக் கூட்டமும், அவை தமக்காகச் சுரந்துகொண்ட பசையும்தான். இதைப் ‘பிளேக்’ என்கிறார்கள் பல் மருத்துவர்கள், தமிழில் பற்படலம்.

டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக் இதையேதான் செய்தார். தன் பல்லிலிருந்து சுரண்டியதைத் தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர், அதற்குள் ஓடியாடும் உயிர்களைக் கண்டு திகைத்து, 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிரிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890-ல் எழுதினார். 1924-ல் லண்டனில் கிலியன் கிளார்க், சொத்தைப் பற்களிலிருந்து ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். சொத்தைக்குக் காரணமானவற்றில் முன்வரிசையில் நிற்பது இது. இன்னும் பல நுண்ணுயிரிகளும் இதற்குத் துணைபோகின்றன.

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று நம் ஊரில் சொல்வார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் புழு உதிரும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஐரோப்பாவிலும் இதே வைத்தியம் இருந்தது. கண்டங்கத்திரியின் குடும்பத்தைச் சேர்ந்த குரோசாணி ஓமத்தின் விதையை அங்கே பயன்படுத்தினார்கள். சூட்டில் விதை வெடித்து வெளியே வரும் முளைக்கருவைத்தான் புழு என்று நம்பினார்கள். நவீனப் பல் மருத்துவத்தின் முன்னோடியான பிரான்ஸின் பியர் ஃபோஷார், தன் நுண்ணோக்கியில் அப்படி எந்தப் புழுவையும் காணவில்லை என்று 1728-லேயே எழுதிவிட்டார். சொத்தைப் பல்லில் புழு இல்லை; அங்கே இருப்பது அமிலம்.

கரைவதும் கூடுவதும்

பல்லின் வெளிப்பூச்சான எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது; கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள். ஆனால் அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் உடைந்தால் உடம்பால் அதைத் திரும்பச் செய்து தர முடியாது.

நாம் இனிப்பு ஒன்றை வாயில் போட்ட சில நிமிடங்களில் பற்படலத்துக்குள் அமிலம் ஊறுகிறது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். 1940-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டீபன் இதை அளந்து காட்டினார். குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளித்ததும் அளவு விறுவிறுவென்று இறங்குகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகிறது.

அதைத் திரும்பக் கொண்டுவருவது எச்சில். ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை சுரக்கும் எச்சில், இனிப்பைக் கழுவி, அமிலத்தை முறித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. இந்த இழுபறி எல்லோர் வாயிலும் தினமும் நடக்கிறது. கரைவதும் கூடுவதும் சமமாக இருக்கும்வரை பல்லுக்கு ஆபத்தில்லை. கரைவது தொடர்ந்து மிஞ்சினால், மாதக்கணக்கில் அது சொத்தையாகிறது.

சொத்தையின் முதல் அடையாளம் கறுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே வெள்ளை வந்துவிடுகிறது. ஈறோரத்தில், பளபளப்பு போய், மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். பல் ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தட்டுப்படாது. மருத்துவர் காற்றுக் குழாயால் ஈரத்தை உலர்த்தியதும் துலக்கமாகத் தெரியும். மேற்பரப்பு இன்னும் உடையவில்லை, அடியில் தாது மட்டும் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் ஊசியும் வேண்டாம், துளையிடும் கருவியும் வேண்டாம். இனிப்பைக் குறைத்து, ஃபுளோரைடு பேஸ்ட்டால் ஒழுங்காகத் துலக்கினாலே அந்தத் திட்டு மீண்டும் இறுகிவிடும். சொத்தை திரும்பிப் போகக்கூடிய ஒரே கட்டம் இதுதான்.

இதைத் தவறவிட்டால், எனாமலுக்கு அடியிலுள்ள மென்மையான டென்டினில் சொத்தை இறங்கி, பக்கவாட்டில் விரிகிறது. வெளியே ஊசிமுனை ஓட்டைதான் இருக்கும்; மேலே வண்ணம் மாறாமல் உள்ளே கரையான் தின்ற கதவுபோல, பல்லின் உட்புறம் கூடாகிக் கிடக்கும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் உடையும். “நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்போம். உள்ளே பல மாதங்களாக, சில நேரம் வருடக்கணக்கில், வேலை நடந்திருக்கும்.

எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை

சர்க்கரைக்கும் சொத்தைக்கும் உள்ள உறவை உலகுக்குச் சந்தேகமறக் காட்டிய ஆய்வு, ஸ்வீடனின் லுண்ட் நகரிலுள்ள விபெஹோல்ம் மனநல விடுதியில் நடந்தது. 1945-ல் தொடங்கி, முடிவுகள் 1954-ல் வெளியாயின. அறிவு வளர்ச்சி குன்றிய 436 உள்விடுதியாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்கு இனிப்பு ரொட்டி, சிலருக்குச் சாப்பாட்டுக்கு இடையிடையே பல்லில் ஒட்டும் டாஃபி என்று கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பலருடைய பற்கள் பாழாயின. மருத்துவ அறத்துக்கு எதிரான ஆய்வு என்று ஸ்வீடனே பிற்பாடு வெட்கப்பட்டது. அவர்கள் கொடுத்த விலைக்காகவேனும் அதன் பாடத்தை நாம் மறக்கக்கூடாது.

சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. ஒட்டும் டாஃபியை இடையிடையே தின்றவர்களுக்குத்தான் மளமளவென்று பெருகியது. அதை நிறுத்தியதும் புதிய சொத்தை வருவது குறைந்தது. இனிப்பு எத்தனை முறை வாய்க்குள் போகிறது, எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் ஸ்வீடனில் வேரூன்றியதற்கு இந்த முடிவுகளும் ஒரு காரணம்.

இப்போது நம் வீட்டுக் குழந்தையின் ஒரு நாளைப் பாருங்கள். எழுந்ததும் சத்துமாவு பானம் கலந்த பால். பள்ளி வேனில் பிஸ்கட். இடைவேளைக்கு கேக். யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு சாக்லேட். மாலை வந்ததும் மறுபடி பாலும் பிஸ்கட்டும். டியூஷனில் ஒரு மிட்டாய். அழுகையை நிறுத்த ஒரு ஜூஸ் பாக்கெட். படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். எட்டு முறை. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நாளில் நான்கு மணி நேரம் அந்தப் பற்கள் அமிலத்தில் ஊறுகின்றன. பெரியவர்கள் தங்கள் டீக்கணக்கையும் இப்படியே போட்டுப் பார்க்கலாம். அலுவலக மேஜையில் ஒரு கப் இனிப்பு டீயை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதைவிட ஐந்து நிமிடத்தில் குடித்து முடிப்பது பல்லுக்கு நல்லது.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டோம், வெல்லமும் கருப்பட்டியும் தேனும்தான் என்கிறவர்களும் கவனிக்க வேண்டும். மற்றபடி அவற்றுக்கு என்ன சிறப்பு இருந்தாலும், பற்படலத்து பாக்டீரியாவுக்கு எல்லாம் சர்க்கரைதான். இனிக்காத சிப்ஸும் கிரீம் இல்லாத பிஸ்கட்டும்கூடக் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு, மாவு சர்க்கரையாக மாறி, அதே வேலையைச் செய்கின்றன. இடைவேளைக்குச் சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா, மோர் என்று கொடுத்தால் வயிறும் நிறையும், பல்லும் தப்பிக்கும்.

சேர்க்கப்படும் சர்க்கரை, உணவின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வரையறுத்தது. 5 சதவீதம் என்றால் பெரியவர் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். 300 மில்லி கோலா பானம் ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

தூங்கும் வாயில் பால்

தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் பல்லைக் காக்கும் காவல் அப்போது இல்லை. அந்த நேரத்தில் சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தை உறங்கினால், இரவு முழுக்க இனிப்பு பல்லில் தேங்கி நிற்கும். மேல் முன்பற்கள் நான்கும் முதலில் வெள்ளையாகி, பிறகு பழுப்பாகி, மூன்று வயதுக்குள் அடிக்கட்டையாகிவிடுவது இதனால்தான். இரவில் கொடுக்கும் இனிப்பு மருந்து சிரப்புக்கும் இது பொருந்தும். கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள்.

“பால்பல்தானே, விழத்தானே போகிறது” என்று விடுவது பெருந்தவறு. பால்பற்களில் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. வலியோடு குழந்தை சரியாகச் சாப்பிடாது, தூங்காது. பால்பல்லைச் சீக்கிரம் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் நிரந்தரப் பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். சீழ் வேருக்கு இறங்கினால், அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் பாதிக்கலாம்.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லுக்கு வேறொரு சிக்கல். முழுதாக மேலே வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதன்மேல் படாமலே போய்விடும். புதிதாக முளைத்த எனாமல் இன்னும் முதிராததால் எளிதில் கரையும். மெல்லும் பரப்பிலுள்ள பிளவுகள் பல, பிரஷ்ஷின் நாரே நுழைய முடியாத அளவு குறுகலானவை. இதற்கென்றே ‘சீலன்ட்’ என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. பல்லைச் சுத்தம் செய்து, உலர்த்தி, பிளவுகளில் திரவத்தை நிரப்பி, நீல ஒளியால் இறுகவைப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. கடைவாய்ப்பற்களில் வரும் சொத்தையில் 80 சதவீதத்தை இது இரண்டு ஆண்டுகளுக்குத் தடுக்கிறது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். குழந்தைக்கு ஆறேழு வயதாகும்போது பல் மருத்துவரிடம் “சீலன்ட் போடலாமா?” என்று நீங்களே கேளுங்கள்.

ஃபுளோரைடு: பயமும் பயனும்

ஃபுளோரைடு என்றதும் தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி நினைவுக்கு வருவது இயல்பு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்த மாவட்டங்கள் அவை. ஃபுளோரைடு மிகுதியால் வரும் இந்நோய் இந்தியாவில் முதலில் பதிவானதே, 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது இதற்காகவே. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

விழுங்கும் தண்ணீரில் மிஞ்சினால் தீங்கு. பல்லின் மேல் பட்டுத் துப்பப்படும் பேஸ்ட்டில் அளவோடு இருந்தால் அதுவே காவல். கரைந்த எனாமல் மீண்டும் கூடும்போது ஃபுளோரைடு அந்தப் படிகத்தில் இடம்பிடிக்கிறது. அப்படி உருவான படிகம், பி.எச். சுமார் 4.5-க்கு இறங்கும்வரை அமிலத்தைத் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இந்தியாவில் பேஸ்ட்டில் 1,000 பி.பி.எம். வரை ஃபுளோரைடு சேர்க்க அனுமதி உண்டு. மூலிகை பேஸ்ட்டுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. வாங்கும்போது டியூபைத் திருப்பிப் படியுங்கள். சாம்பல், செங்கல்தூள், கரித்தூள், உப்பு ஆகியவற்றால் தேய்ப்பது கறையை எடுப்பதுபோலத் தோன்றினாலும், எனாமலையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

வலி சொல்வது என்ன?

எனாமலில் சொத்தை இருக்கும்வரை வலியே இருக்காது. டென்டினைத் தொட்டால், ஐஸ்கிரீமோ இனிப்போ படும்போது சுரீர் என்று கூசும், எடுத்ததும் நின்றுவிடும். இந்த நிலையில் போனால் பல்லை அடைப்பதோடு முடியும். பல்லுக்குள்ளிருக்கும் நரம்பையும் ரத்த நாளத்தையும் தொட்டுவிட்டால், படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கும் வலி. அப்போது ரூட் கெனால், கேப் என்று செலவு பல ஆயிரமாகும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டிவரும்.

சில நாள் துடித்த பல் திடீரென்று வலிப்பதை நிறுத்தினால் குணமாகிவிட்டதாக நம்பிவிடாதீர்கள். நரம்பு செத்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கிருமி வேரின் நுனியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். கிராம்புத் தைலம் வலியை மரத்துப்போகச் செய்யும், சொத்தையை ஆற்றாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் அப்படியே. காய்ச்சலோடு தாடைக்கடியில் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. அது உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பயத்தில் சீழ்ப்பல்லோடு காலந்தள்ளுபவர்கள் உண்டு. பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. பிடுங்குவதால் பார்வை போகாது. வயிற்றிலிருக்கும் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்பதும் தவறு. மசக்கை வாந்தியின் அமிலமும் அடிக்கடிக் கொறிப்பதும்தான் கர்ப்பகாலச் சொத்தைக்குக் காரணம்.

இன்று முதல் செய்ய வேண்டியவை

* இரவுத் துலக்கலை ஒருநாளும் விடாதீர்கள். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, இரண்டு இரண்டு நிமிடம். இரவில் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.
* நுரையைத் துப்புங்கள். உடனே கொப்பளித்துக் கழுவாதீர்கள். மிச்சமிருக்கும் ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும்.
* மூன்று வயதுவரை அரிசி அளவு பேஸ்ட், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். ஏழெட்டு வயதுவரை பெற்றோர் கைபட்டே துலக்க வேண்டும்.
* பல் இடுக்கில் பிரஷ் போகாது. பல் நூல் பழகுங்கள். இடுக்குச் சொத்தை பெரும்பாலும் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.
* கூல்டிரிங்க்ஸ், புளிப்புப் பழச்சாறு குடித்தவுடன் துலக்காதீர்கள். தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி கழித்துத் துலக்குங்கள்.
* இனிப்பு சாப்பிடுவதென்றால் சாப்பாட்டோடு சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.
* ரத்த அழுத்தம், மனநலம் போன்றவற்றுக்கு மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு வாய் உலர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்சில் குறைந்த வாயில், ஈறு இறங்கித் தெரியும் வேரில், சொத்தை வேகமாகப் பரவும்.
* குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கோ, மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ ஒருமுறை.

பணம்தான் தடை என்றால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் அரசு மருத்துவக் குழு பார்க்க வேண்டியவற்றில் பல்லும் அடக்கம். உங்கள் பிள்ளையின் பல்லைப் பார்த்தார்களா என்று பள்ளியில் கேளுங்கள். பிறந்தநாளுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் பென்சிலோ புத்தகமோ போதும் என்று ஒவ்வொரு பள்ளியும் முடிவெடுத்தால், வகுப்புக்கு நாற்பது குழந்தைகளுடைய பற்களுக்கும் அது பெரிய உதவி.

சொத்தையைத் துளையிட்டு அடைப்பது சிகிச்சை; வரவிடாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. இரவில் ஃபுளோரைடு பேஸ்ட்டால் துலக்குவதும், இடையிடையே இனிப்பைத் தவிர்ப்பதும், வலி இல்லாதபோதே பல் மருத்துவரிடம் போவதும் எந்தக் குடும்பத்தாலும் முடிகிற காரியங்கள். வலி வந்த பிறகு போனால் பல்லின் மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். வலிக்காத பல்லோடு போங்கள், முழுப் பல்லோடு திரும்பலாம்.